சாலை விபத்து வழக்குகளில் வழக்கறிஞர் பணி

சாலை விபத்து வழக்குகளில் வழக்கறிஞர் பணி என்பது, ஒரே விபத்திலிருந்து எழும் குற்றவியல் வழக்கையும் இழப்பீட்டு வழக்கையும் முதல்நிலை நீதிமன்றங்களில் நடத்தும் சட்டப் பணியாகும். இந்தியாவில் ஒரு சாலை விபத்தில் ஒருவர் இறந்தாலோ காயமுற்றாலோ பொதுவாக இரண்டு வழக்குகள் தோன்றுகின்றன. முதலாவது, வாகன ஓட்டுநர் மீது அரசு தொடரும் குற்றவியல் வழக்கு. இது நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் நடைபெறும். இரண்டாவது, காயமுற்றவரோ இறந்தவரின் குடும்பத்தினரோ தொடரும் இழப்பீட்டு வழக்கு. இது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடைபெறும். இரண்டிலும் நிகழ்ச்சி ஒன்றே, சாட்சிகளும் பெரும்பாலும் ஒருவரே. ஆயினும் மெய்ப்பிக்க வேண்டிய அளவு வேறு என்பதால், ஒன்றன் முடிவு மற்றொன்றைத் தானாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஓட்டுநர் விடுதலையான பின்னரும் குடும்பம் இழப்பீடு பெற முடியும்.

சிறு நகர நீதிமன்றங்களில் ஒரே வழக்கறிஞர் இவ்விரு வகை வழக்குகளையும் நடத்துவது வழக்கம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். நான்கில் மூன்று பக்கம் தமிழ்நாட்டாலும் கிழக்கில் கடலாலும் சூழப்பட்ட பகுதி என்பதால், எந்த வழக்கை எங்கே தொடர்வது என்ற கேள்வியும் இங்கு அடிக்கடி எழுகிறது.

காரைக்காலின் சட்டப் பின்னணி

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819 இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. அதே ஆண்டு நவம்பர் 6 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆள்வரை புதுச்சேரிப் பகுதிகளுக்கு விரிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கு நடைமுறைக்கு வந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1968 ஆம் ஆண்டின் சட்டத்தால் விரிவாக்கப்பட்டது.

இம்மாற்றம் விபத்து வழக்குகளைப் பொறுத்தவரை முக்கியமானது. பிரெஞ்சுச் சட்ட மரபில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் குற்றவியல் வழக்கிலேயே உரிமையியல் தரப்பாகச் சேர்ந்து, அதே நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். இந்திய முறையில் தண்டனை ஓர் இடத்திலும் இழப்பீடு வேறோர் இடத்திலும் தீர்மானிக்கப்படுகின்றன. குற்றவியல் நீதிமன்றம் அபராதத் தொகையிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பகுதியை வழங்க ஆணையிடலாம் எனினும், அது முழு இழப்பீட்டுக்கு ஈடாகாது.

இன்று காரைக்கால் வழக்கறிஞர்கள் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்தவர்கள் ஆவர். மேல்முறையீடுகள் சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் செல்கின்றன.

குற்றவியல் வழக்கு

விபத்து பற்றிய தகவல் காவல் நிலையத்திற்குக் கிடைத்ததும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படும். 2024 சூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். பெரும்பாலான விபத்து வழக்குகளில் காணப்படும் பிரிவுகள் பின்வருமாறு:

- பிரிவு 281 (பழைய பிரிவு 279): பொதுவழியில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் வாகனம் ஓட்டுதல். 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.
- பிரிவு 125 (பழைய பிரிவுகள் 336, 337, 338): கவனமற்ற செயலால் பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து அல்லது காயம் விளைவித்தல். கொடுங்காயம் ஏற்பட்டால் 3 ஆண்டு வரை சிறை.
- பிரிவு 106(1) (பழைய பிரிவு 304அ): கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். பழைய சட்டத்தில் 2 ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை 5 ஆண்டாக உயர்த்தப்பட்டுள்ளது.

விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் கொடுக்காமல் தப்பியோடுவோருக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கும் 106(2) ஆம் பிரிவு, 2024 சனவரியில் நடந்த சரக்குந்து ஓட்டுநர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து, பிற பிரிவுகளுடன் சேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

எதிர்வாத வழக்கறிஞரின் பணி

பிரிவு 106(1) பிணையில் விடத்தக்க குற்றமாகும். எனவே ஓட்டுநருக்குப் பிணை பெறுவது பொதுவாகக் கடினமன்று. உண்மையான பணி, குற்றப்பத்திரிகையின் படிகள் கைக்குக் கிடைத்த பின்பே தொடங்குகிறது. வழக்கறிஞர் பின்வரும் ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்கிறார்: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், நிகழ்விட மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ், பிணக்கூறாய்வுச் சான்றிதழ், சாட்சிகளின் வாக்குமூலங்கள்.

தமிழ் வழங்கும் பகுதிகளில் விபத்து குறித்த முதல் தகவல் அறிக்கைகள் பலவற்றில் ஓட்டுநர் வாகனத்தை "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டினார் என்ற தொடர் காணப்படும். இத்தொடர் ஒரு முடிவே அன்றிச் சான்றன்று. 1998 இல் கர்நாடக மாநிலம் எதிர் சதீசு வழக்கில், வாகனம் மிகுந்த வேகத்தில் சென்றது என்று மட்டும் சாட்சிகள் கூறுவது கவனக்குறைவை மெய்ப்பிக்கப் போதாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே குறுக்கு விசாரணையில் எதிர்வாத வழக்கறிஞர் கேட்கும் கேள்விகள் நுண்மையானவை. சாட்சி எங்கே நின்றார்? மோதும் முன் பார்த்தாரா, சத்தம் கேட்டபின் திரும்பிப் பார்த்தாரா? சாலையின் அகலம் என்ன? தடம் பதிந்திருந்ததா? தெருவிளக்கு எரிந்ததா? வாகனத்தை ஓட்டியவர் இவரே என்பதை யார் அடையாளம் காட்டினார்?

விபத்தே கவனக்குறைவைக் காட்டுகிறது என்ற வாதம் உரிமையியல் வழக்குகளில் ஏற்கப்படுவதுண்டு. குற்றவியல் வழக்கில் அதை அப்படியே பயன்படுத்தி, மெய்ப்பிக்கும் பொறுப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது சுமத்த இயலாது என்று 1979 இல் சையத் அக்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சாலையைக் கடந்த ஒரு குழந்தை பேருந்தில் அடிபட்டு இறந்த வழக்கு அது. நியாயமான ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் கடமையாகும்.

ஓட்டுநருக்கு இவ்வழக்கு வாழ்வாதாரம் பற்றியது. தண்டனை உறுதியானால் ஓட்டுநர் உரிமமும் வேலையும் பறிபோகலாம். கவனக்குறைவால் மரணம் விளைவித்த ஓட்டுநர்களுக்கு நன்னடத்தைச் சட்டச் சலுகை காட்டலாகாது என்று 2000 இல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான நிலையை எடுத்தது. மரண வழக்கு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டு முடிக்கத்தக்க குற்றமும் அன்று.

வழக்கு விரைவில் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடும் ஓட்டுநர்களும் உள்ளனர். அந்த ஒப்புதல் பின்னர் தீர்ப்பாயத்தில் சான்றாக முன்வைக்கப்படலாம். இதை முன்கூட்டியே விளக்குவதும் எதிர்வாத வழக்கறிஞரின் கடமையாகும்.

இழப்பீட்டு வழக்கு

சாலை விபத்துக்கான இழப்பீட்டைத் தனித் தீர்ப்பாயம் விசாரிக்கும் முறை, 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956 இல் செய்யப்பட்ட திருத்தத்தால் ஏற்பட்டது. அதற்கு முன் இறந்தவரின் குடும்பம் 1855 ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. இன்று 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறையில் உள்ளது. மனு 166 ஆம் பிரிவின்படி தாக்கல் செய்யப்படுகிறது. வாகன உரிமையாளர், ஓட்டுநர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோர் எதிர்மனுதாரர்கள் ஆவர்.

தீர்ப்பாயத்தில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நிகழ்ந்திருக்கக் கூடுதல் வாய்ப்புள்ளது என்பதே அளவுகோல். 2009 இல் பிம்லா தேவி வழக்கிலும் பின்னர் பல வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியுள்ளது.

இவ்வேறுபாட்டை விளக்கும் புகழ்பெற்ற தீர்ப்பு 1980 இல் என்.கே.வி. பிரதர்சு வழக்கில் வழங்கப்பட்டது. இரவில் சென்ற ஒரு பேருந்து, தாழ்ந்து தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 26 பேர் பாதிக்கப்பட்டனர், அவர்களுள் 8 பேர் உடனே இறந்தனர். இது இயற்கையின் செயல் என்று கருதிக் குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. ஆனால் கம்பியைக் கண்ட பயணிகள் கூச்சலிட்டும் ஓட்டுநர் பேருந்தை நிறுத்தவில்லை என்று தீர்ப்பாயம் கண்டறிந்து இழப்பீடு வழங்கியது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றவியல் வழக்கில் விடுதலை ஆனதால் இழப்பீட்டு வழக்கும் தோற்க வேண்டும் என்ற வாதத்தை, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு ஏற்கவில்லை.

மரண இழப்பீட்டைக் கணக்கிடுதல்

2009 இல் சர்லா வர்மா வழக்கும், 2017 அக்டோபர் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பிரணய் சேத்தி வழக்கும் கணக்கீட்டு முறையை வகுத்தன. அதன் படிகள்:

1. இறந்தவரின் மாத வருமானத்தை நிறுவுதல்.
2. எதிர்கால வருமான உயர்வைச் சேர்த்தல். சுயதொழில் செய்வோர் 40 வயதுக்குக் கீழ் எனில் 40%, 40 முதல் 50 வரை 25%, 50 முதல் 60 வரை 10%. நிலையான வேலையில் இருந்தோருக்கு இவை முறையே 50%, 30%, 15%.
3. இறந்தவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய பகுதியைக் கழித்தல். மணமானவரைச் சார்ந்தோர் 2 அல்லது 3 பேர் எனில் மூன்றில் ஒரு பங்கு, 4 முதல் 6 பேர் எனில் நான்கில் ஒரு பங்கு. மணமாகாதவருக்கு இரண்டில் ஒரு பங்கு.
4. ஆண்டுத் தொகையை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்குதல். 21–25 வயதுக்கு 18, 31–35 வயதுக்கு 16, 41–45 வயதுக்கு 14, 51–55 வயதுக்கு 11.

எடுத்துக்காட்டாக, கோட்டுச்சேரிமேட்டைச் சேர்ந்த 35 வயது மீனவர் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டியவர் எனவும், அவரைச் சார்ந்து நால்வர் உள்ளனர் எனவும் கொள்வோம். 40% சேர்த்தால் 21,000 ரூபாய். நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750 ரூபாய். ஆண்டுக்கு 1,89,000 ரூபாய். இதனை 16 ஆல் பெருக்கினால் 30,24,000 ரூபாய். இதனுடன் ஈமச்செலவு, சொத்திழப்பு, துணையிழப்பு ஆகியவற்றுக்கான தொகைகளும் வட்டியும் சேரும்.

இக்கணக்கில் முதற்படியே கடினமானது. மீனவர், விவசாயத் தொழிலாளர், கொத்தனார் போன்றோருக்குச் சம்பளச் சீட்டு இராது. மாத வருமானம் 15,000 அன்று, 8,000 மட்டுமே என்று தீர்ப்பாயம் கொண்டால், மேற்கண்ட தொகை 16,12,800 ரூபாயாகக் குறைந்துவிடும். எனவே மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, படகு உரிமையாளரின் சாட்சியம், ஏலக்கூடப் பதிவுகள், வங்கிக் கணக்கு போன்றவற்றைத் திரட்டுவது வழக்கறிஞரின் முதன்மைப் பணியாகிறது. இல்லத்தரசிகளின் உழைப்பிற்கும் வருமான மதிப்பு உண்டு என்று 2021 சனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

காயத்திற்கான இழப்பீடு

காயமுற்றோர் வழக்குகளுக்கு 2010 இல் வெளிவந்த ராஜ் குமார் எதிர் அஜய் குமார் தீர்ப்பு வழிகாட்டியாகும். மருத்துவச் செலவு, வேலைக்குச் செல்ல முடியாத காலத்தின் வருமான இழப்பு, எதிர்கால வருமான இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு, வலியும் வேதனையும் எனத் தனித்தனித் தலைப்புகளில் தொகை கணக்கிடப்படும்.

மருத்துவர் கூறும் ஊன விழுக்காடும், தொழிலில் ஏற்படும் இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்பது இத்தீர்ப்பின் சாரமாகும். ஒரு காலில் நிரந்தர முடக்கம் ஏற்பட்டவர் அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிபவர் எனில் அவர் தம் வேலையைத் தொடரக்கூடும். அவரே அலையில் ஆடும் படகில் நின்று வலை இழுப்பவர் எனில் அத்தொழிலை முற்றிலும் இழந்துவிடுவார். மருத்துவச் சான்றிதழ் இருவருக்கும் ஒரே எண்ணைக் காட்டலாம். வேறுபாட்டைத் தீர்ப்பாயத்திற்கு உணர்த்துவது, தொழில் பற்றிய சாட்சியமேயாகும்.

காப்பீட்டு நிறுவனத்தின் எதிர்வாதங்கள்

மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு 146 ஆம் பிரிவின்படி கட்டாயமானது. எனவே நடைமுறையில் தொகையைச் செலுத்துவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே. அதன் வழக்கறிஞர் முன்வைக்கும் எதிர்வாதங்களுள் சில:

- ஓட்டுநரிடம் தகுந்த உரிமம் இல்லை. இத்தகைய வழக்குகளில் நிறுவனம் முதலில் தொகையைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு ஆணையிடலாம் என்று 2004 இல் சுவரண் சிங் வழக்கு வகுத்தது.
- இறந்தவர் சரக்கு வாகனத்தில் இலவசமாகப் பயணித்தவர். இவருக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பது ஆஷா ராணி வழக்கின் முடிவு. ஆனால் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்குடன் பயணித்தால் காப்பீடு பொருந்தும். மீன் ஏற்றிச் செல்லும் வண்டியில் இருந்தவர் அம்மீனின் உரிமையாளரா, வழியில் ஏறிக்கொண்டவரா என்பதே இங்கு முழு வழக்கையும் தீர்மானிக்கக்கூடும்.
- பாதிக்கப்பட்டவரும் கவனக்குறைவாக இருந்தார். இரு சக்கர வண்டியில் மூவர் சென்றனர் என்பது மட்டும் போதாது, அதனால்தான் விபத்து நேர்ந்தது அல்லது காயம் மிகுந்தது என்று காட்ட வேண்டும் என்று 2020 இல் முகமது சித்திக் வழக்கில் கூறப்பட்டது.

ஆள்வரையும் கால வரம்பும்

கோட்டுச்சேரிமேடு, காரைக்கால் மாவட்டத்தின் கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த கடலோர ஊராகும். இங்கிருந்து வடக்கே சென்றால் மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடி, தெற்கே சென்றால் காரைக்கால் நகரைக் கடந்து நாகப்பட்டினம் மாவட்டத்தின் நாகூர். சிறிது தொலைவிலேயே மாநில எல்லை மாறிவிடுகிறது.

இவ்வூரார் ஒருவர் தரங்கம்பாடியில் விபத்துக்குள்ளானால், குற்றவியல் வழக்கு விபத்து நிகழ்ந்த இடத்திற்குரிய தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் நடைபெறும். இழப்பீட்டு மனுவையோ, 166(2) ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் புரியும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து தாக்கல் செய்யலாம். ஆகவே மனுதாரர் காரைக்காலிலேயே வழக்குத் தொடரலாம். தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தின் ஆவணங்களைப் பெற்றுக் காரைக்கால் தீர்ப்பாயத்தில் சான்றாக்குவது வழக்கறிஞரின் வேலையாகும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 ஆம் பிரிவின்படி, நிகழ்விடம் எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம்.

2019 ஆம் ஆண்டின் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பு மீண்டும் ஏற்பட்டது. 1994 இல் நீக்கப்பட்டிருந்த கால வரம்பே இவ்வாறு திரும்பியது. இப்பிரிவின் செல்லுபடி குறித்த வழக்கில், காலம் கடந்தது என்ற காரணத்திற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. எனினும் மருத்துவமனையிலும் துக்கத்திலும் மாதங்கள் கழிந்துவிடும் குடும்பங்களுக்கு இவ்வரம்பைத் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நன்மை பயக்கும்.

அதே திருத்தத்தின்படி, யாருடைய கவனக்குறைவு என்று மெய்ப்பிக்காமலே 164 ஆம் பிரிவின் கீழ் மரணத்திற்கு 5 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 2.5 இலட்சம் ரூபாயும் கேட்கலாம். மோதிய வாகனம் எதுவென்று தெரியாத நிலையில், அரசுத் திட்டத்தின் கீழ் மரணத்திற்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும்.

தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

தொழில் நெறிகள்

குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளியா என்பது குறித்துத் தம் சொந்தக் கருத்து எதுவாயினும், அவருக்காக வாதாடுவது வழக்கறிஞரின் கடமை என்று இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் கூறுகின்றன. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் ஏற்பட்ட மோதலை அடுத்து, குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களுக்காக எவரும் வாதாடக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. 2010 இல் முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. உயிரிழப்பால் ஊரே கொதித்திருக்கும் விபத்து வழக்கிலும் ஓட்டுநருக்கு வழக்கறிஞர் கிடைப்பது இந்நெறியின் பயனாகும்.

ஒரு விபத்தில் ஓட்டுநருக்காக நின்ற வழக்கறிஞர், அதே விபத்தில் அவருக்கு எதிராக இழப்பீடு கேட்போருக்காக நிற்க இயலாது. வழக்கறிஞர்கள் குறைவாக உள்ள சிற்றூர்களில் இது கவனத்திற்குரியது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காய இழப்பீட்டு வழக்குகளை வழக்கறிஞர்கள் பெரும்பாலும் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொள்ளும் முறையில் நடத்துகின்றனர். இந்தியாவில் வெற்றியைப் பொறுத்த கட்டணமோ, இழப்பீட்டில் பங்கோ பேசிக்கொள்வது விதிகளால் தடை செய்யப்பட்டுள்ளது. வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்வதும் அவ்வாறே. பணம் செலுத்த இயலாதோர் 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச சட்ட உதவி கோரலாம். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இவ்வுதவிக்கு உரியவர்கள். இரு தரப்பும் ஒப்பினால் இழப்பீட்டு வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம்.

இழப்பீட்டுத் தொகை உரியவர் கையில் தங்குவதும் முக்கியம். எழுத்தறிவற்றோர், கைம்பெண்கள், சிறார் ஆகியோரின் பங்கை வங்கியில் நிலைவைப்பாக வைக்க 1994 இல் சூசம்மா தாமசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. சிறாரின் பங்கு அவர்கள் உரிய வயதை அடையும் வரை வங்கியில் இருக்கும். கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு இடையில் பணம் எடுக்கத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும்.